ஒரே ஊருக்கு இரண்டு மேற்றிராணிமார்

கொட்டாஞ்சேனை,
8.1.1961

அன்புள்ள தம்பி கிளெமென்றுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகமும் அறிய ஆவல். இரண்டு தெரு தள்ளி இருக்கிற உனக்குக் கடிதம் எழுத வைத்துவிட்டாய். நீ பங்குச் சுவாமியாய் இருக்கிற கோவில் அறைவீட்டுக்கு வந்தேன். "சுவாமி செபத்திலை இருக்கிறார்" என்று உனக்குச் சமைக்கிற குசினிக்காரன் கதவைச் சாத்தினான்.

இன்று பூசையில் டோரினின் கல்யாண அறிவித்தல் ஓலையை வாசிப்பாய் என்று குடும்பமாக முன் வாங்கில் இருந்தோம். மற்றவர்களின் ஓலைகளை வாசித்தாய். என் மகளின் பெயர் வரவில்லை. தெஹிவளையிலிருந்து வந்த சம்பந்திமார் என் முகத்தைப் பார்த்தார்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்காமல் கோவிலில் தாலி ஏறாது. அடுத்த மாதம் தபசுகால நோன்பு தொடங்கினால் பிறகு கல்யாணமே இல்லை. மறந்துவிட்டாயா?

அன்பு அண்ணன்,
சவுந்தரநாயகம்

12.1.1961

அன்புள்ள அண்ணா,

மறக்கவில்லை. அரசாங்கம் எங்கள் கோவில் பள்ளிக்கூடத்தைப் பறிக்கிறது. தாய்மார் வகுப்புகளுக்குள் பாய் போட்டுக் காவல் கிடக்கிறார்கள். நீங்களோ அரசாங்கத்திடம் போய்த் அதே பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர் கதிரையை வாங்கி வந்திருக்கிறீர்கள். அந்தச் சனத்தின் முன் உங்கள் வீட்டு ஓலையை எந்த வாயால் வாசிப்பேன்?

சரித்திரம் படிப்பிக்கிறவர் நீங்கள். அந்தக் காலத்து ஜெர்மனியில் ஒரே ஊருக்கு இரண்டு ஆயர்கள், இரண்டு மேற்றிராணிமார் இருந்தார்கள் என்று சொன்னவரும் நீங்கள்தான். ஒருவர் பாப்பரசர் வைத்தவர், மற்றவர் சக்கரவர்த்தி வைத்தவர். இன்று நீங்கள் சக்கரவர்த்தியின் ஆள். கதிரையை விடுங்கள், வாசிக்கிறேன்.

யேசுவில் அன்புள்ள தம்பி,
கிளெமென்ற்

16.1.1961

வணக்கத்துக்குரிய பங்குச் சுவாமியார் அவர்களுக்கு,

நேற்றும் தாங்கள் வாசிக்கவில்லை.

கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். அந்த மேற்றிராணிமார் ஒருவரை ஒருவர் சபித்தார்கள். ஒருவர் பட்டம் கொடுத்த குருவை மற்றவர் குருவே இல்லை என்றார். அந்தக் குரு கட்டிவைத்த பெண்ணின் கதி என்ன என்று அவர்கள் கவலைப்பட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை.

நான் போகாவிட்டால் முகம் தெரியாத ஒருவன் வந்து முதலில் தமிழ் வகுப்புகளை மூடியிருப்பான். விடமாட்டேன். பெண்பிள்ளையை நடுவில் வைத்து மிரட்டத் தங்களுக்கு வெட்கமில்லையா?

சவுந்தரநாயகம்

22.1.1961

அண்ணா,

வெட்கப்பட வேண்டியவர் நீங்கள். இன்று பூசை முடிந்ததும் டோரின் வந்தாள். "சித்தப்பா, அப்பா கதிரையை விட்டால்தான் வாசிப்பியளோ?" என்றாள். "ஓம்" என்றேன். முக்காட்டை எடுத்து மடித்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்காகவாவது இறங்கி வாருங்கள்.

கிளெமென்ற்

27.1.1961

கிளெமென்ற்,

என்னிடமும் வந்தாள். "எனக்காக விடுவியளோ அப்பா?" என்றாள். "உன்ரை சித்தப்பனைப் போய்க் கேள்" என்று கத்தினேன்.

நேற்று வெள்ளவத்தையில் பதிவுக் கல்யாணம் முடிந்துவிட்டது. குருப்பட்டம் பெற்றதும் நீ முதல் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளை. எனக்கும் சொல்லவில்லை. சாட்சிக் கையெழுத்து வைத்த மாப்பிள்ளையின் சிநேகிதன் மஜீட் வந்துதான் சொன்னான். தெஹிவளைக்கு ஓடினேன். கதவைத் திறந்த டோரின் உள்ளே வரச் சொல்லவில்லை.

"ரெண்டு பேரும் நல்லாச் சண்டை பிடியுங்கோ. இனி இடையிலை நான் இல்லை" என்றாள்.

உன்மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் உன் அண்ணி காலையிலிருந்து நம் இருவரையும் திட்டிக்கொண்டிருக்கிறாள். நான் மட்டும் நின்று கேட்க முடியாது. நீயும் வந்து கேள்.

அண்ணன்