வீக்க மாத்திரை என் கைப்பையில்

என்னங்க,

வீக்க மாத்திரையைத் தேடி வீட்டைத் தலைகீழாக்க வேண்டாம். அட்டையோடு என் கைப்பையில் இருக்கிறது.

சுளுக்கிய காலைப் பார்த்துவிட்டு பிசியோதெரபிஸ்ட் நேற்று என்ன சொன்னார்? "வீக்கம்தாங்க உடம்பு பண்ற ரிப்பேர் வேலை. ஆரம்பத்துலயே மாத்திரையால அமுக்கினா, தசைநார் ஆறறது தள்ளிப்போகலாம்." நன்றாகத் தலையாட்டினீர்கள். அவர் போனதும் ஒன்றை விழுங்கினீர்கள். வலிதான் இல்லையே என்று ஏணியில் ஏறி, சமையலறை சீலிங்குக்குப் பெயின்ட் அடித்தீர்கள். ஊருக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறவருக்குச் சொந்த வீட்டு நினைப்பு வர, கால் சுளுக்க வேண்டியிருக்கிறது. இப்போது கணுக்கால் பன் மாதிரி உப்பியிருக்கிறது.

வலி பொறுக்கவில்லை என்றால் அலமாரியில் காய்ச்சல் மாத்திரை இருக்கிறது. அதற்கு அவரே சரி சொன்னார். சாப்பாட்டைக் கட்டில் பக்கத்து முக்காலியில் மூடி வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் கட்டு மாற்ற அவர் வருவார். கதவைத் திறக்க ஓடாதீர்கள், சாவியைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். ஏணியும் அங்கேதான் போயிருக்கிறது.

பி.கு: சீலிங் அழகாக இருக்கிறது. ராத்திரி போட்ட சண்டையில் இதைச் சொல்ல விட்டுப்போயிற்று.

இன்னொன்று: ஜன்னல் மூலை மட்டும் அடிக்காமல் நிற்கிறது. கால் ஆறட்டும், ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன்.