பூஜை அறையில் அளந்த கரண்ட்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. அடுக்களை பிளக்கில் மறுபடி பொறி பறந்தது. வாய் சும்மா இருக்காமல் சாம்புவிடம் ஃபோனில் சொல்லிவிட்டேன். மகன் இல்லையா, பெங்களூரில் இருந்தபடியே தீர்ப்பு: "வீடு முழுக்க வயரிங் டெஸ்ட் பண்ணும்மா. ரிப்போர்ட் சரியா வந்தா வலியசாலை வீட்டிலேயே இருந்துக்கோ, நான் வாயே திறக்கலை. வரலைன்னா பெட்டியக் கட்டு, இங்க வந்துடு."

சரி என்றேன். எழுபத்தாறு வயதில், என் வீட்டில் நான் இருக்க ஒரு பரீட்சை! கான்வென்டில் படித்தபோது பரீட்சைதான் என்னைப் பார்த்துப் பயந்தது.

ஜூன் 5, வியாழன்

கான்ட்ராக்டர் பத்மகுமார் வந்தார். மலையாளம் கலந்த தமிழில் வாய் ஓயாத மனிதர். ஆனால் செருப்பை வாசலில் ஜோடி சேர்த்து வைத்தார். அதற்கு முழு மதிப்பெண்.

கையில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கருவி. ஃபேஸும் நியூட்ரலும் நேராக முட்டிக்கொண்டால் எவ்வளவு கரண்ட் பாயும் என்பதை, முட்டாமலேயே சொல்லிவிடுமாம். அத்தனை பாய்ச்சலையும் பிரேக்கர் தாங்கி அறுக்க வேண்டும். தாங்காவிட்டால்?

"பின்னே பிரேக்கர் தன்னே பொட்டித் தெறிக்கும் மாமி. தீயும் பிடிக்கும்."

என் பிரேக்கர்கள் மூவாயிரம் ஆம்பியர் தாங்கும். கருவி காட்டியது ஆயிரத்து நூறு. பாஸ்! சாம்புவுக்கு ரிப்போர்ட்டை அனுப்பினேன். "ஓகேம்மா" என்றான், சுருதி இறங்கி.

ஜூன் 6, வெள்ளி

ரிப்போர்ட்டை நிதானமாக வாசித்தேன். அளந்த இடம்: ஹால் பிளக். ஹாலா? மெயின் போர்டு இருப்பது பூஜை அறையில் அல்லவா? கரண்ட் வீட்டுக்குள் நுழையும் இடத்தில்தான் பாய்ச்சல் அதிகம், வயர் நீள நீளக் குறையும் என்று அவரே நேற்று சொன்னாரே!

கூப்பிட்டுக் கேட்டேன். "குளிக்காம பூஜாமுறியில யாரும் கேறக்கூடாதுன்னு மாமியல்லவா பறஞ்சது! நான் பேடிச்சுட்டேன்."

பயந்துவிட்டாராம். சொன்னேன்தான். எல்லோரிடமும் சொல்வதுதான்.

ஜூன் 7, சனி

பாஸ் ஆன ரிப்போர்ட் கையில் இருக்கிறது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? — எனக்குத் தெரியும். சே.

ஜூன் 9, திங்கள்

பத்மகுமாரை மறுபடி வரச் சொன்னேன். குளித்து, ஈரத் தலையும் சந்தனக் கீற்றும் ஜரிகைக் கரைபோட்ட கசவு வேட்டியுமாக வந்து நின்றார், கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

"இனி கேறலாமா?"

"கேறுங்கோ."

ஸ்வாமி படங்களை நானே நகர்த்திக் கொடுத்தேன். போர்டில் வைத்து அளந்தார். நாலாயிரத்து அறுநூறு! மூவாயிரம் தாங்கும் பிரேக்கரில். ஃபெயில்.

தெருமுனையில் புது டிரான்ஸ்ஃபார்மர் வந்ததில் பாய்ச்சல் கூடியிருக்கும் என்றார். டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு மனு எழுதித் தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கியதே நான்தான். சிரிப்பதா, அழுவதா?

பத்மகுமார் தலையைச் சொறிந்தார். "போர்டு மாத்தின பிறகு மோனோட பறஞ்சா போரே?"

மகனிடம் அப்புறம் சொன்னால் போதாது. அவர் எதிரிலேயே ஃபோன் பண்ணினேன். "சாம்பு, பாஸ்னு அனுப்பினேனே, அது தப்பு. வீடு ஃபெயில்."

"யார் சொன்னா?"

"நான்தான் மறுபடி அளக்கச் சொன்னேன்."

"நீயாவா?"

"பின்னே?" யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான்.

ஜூன் 11, புதன்

சாம்பு கூப்பிடவில்லை. பெட்டி பரணில்தான் இருக்கிறது. இறக்க மாட்டேன்.

ஜூன் 18, புதன்

புது போர்டு மாட்டியாயிற்று. பத்தாயிரம் தாங்கும் பிரேக்கர்கள். பிளக்கும் புதிது. பத்மகுமார் குளித்துவிட்டே வந்தார், பாவம். போர்டிலேயே அளந்த பாஸ் ரிப்போர்ட் சாம்புவுக்குப் போயிற்று.

ஜூன் 22, ஞாயிறு

சாம்பு கூப்பிட்டான். "எங்க ஃப்ளாட்டையும் டெஸ்ட் பண்ணப் போறேம்மா. இங்க அளக்க வர்றவா எங்க வச்சு அளக்கறான்னு எனக்கென்ன தெரியும்? நீ வந்து பக்கத்துல நின்னு பாரேன்."

பெட்டி கட்ட வைக்கும் தந்திரமோ?

"திரும்பி வர டிக்கெட்?" என்றேன்.

"அதைத்தான் முதல்ல போட்டேன்."

கீழ் பெர்த்தா என்று கேட்டேன். கீழ் பெர்த்தாம்.