ஒன்பதாம் காலைக்குக் குடையின்றி வருக

மழை பொழிக. கடல் தன் எல்லை காக்க. கலமேறிப் போனவர் கரை சேர்க.

கீழ்கடல் எறிந்து, மேல்மலை வளைத்து, இடைப்பட்ட ஆறுகளையெல்லாம் பாலம் நோக்காது நீந்தியே கடந்தவரும், பகைவர் கனவிலும் பரியேறி வருபவருமாகிய செவ்வேழ நாட்டுக் கோ நெடுங்கதிரப் பெருவேந்தர் மருதந்துறைப் பாசறையில் வீற்றிருக்கும் திருமுன், அவர் தமக்கையும் வெண்டிரைப்பட்டினம் ஆளும் பொறுப்புடையாளுமாகிய இளம்பிறைநங்கை விடுக்கும் ஓலை. சென்ற திங்களில் தம்பியார் மேலும் இரண்டு பட்டங்கள் சூடிக்கொண்டதாகக் கேள்வி. அவை எமக்கு முறைப்படி அறிவிக்கப்படாமையால் இங்கே விடுபட்டன. ஓலையின் அகலமும் அவ்வளவே.

பட்டினத்தில் யாவரும் நலம். கூதிர்க்காற்று இறங்கிவிட்டது. ஐப்பசி அடைமழை விட்ட மறுநாளே வடகாயலில் பூநாரைகள் வந்து, விடியற்கதிர் பட்டபோது நீரே நாணிச் சிவந்ததுபோல் நின்றன. ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் இறங்கின. இவை ஆண்டுதோறும் வரும் விருந்தினர். ஊரார் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு மீன் விலை பேசப் போய்விடுவர். இவ்வாண்டு அவற்றினிடையே வந்திறங்கிய ஒன்றைப் பற்றியே இவ்வோலை.

அதை முதலிற் கண்டவள் கொற்றி, வடகாயலின் ஓடக்காரி. உப்பளத்துப் பெண்டிரைச் சந்தைக்கரை சேர்ப்பது அவள் தொழில். கணவன் கீழ்த்தீவுகளுக்குப் போனவன் திரும்பவில்லை. அதற்கு ஊர் மூன்று காரணம் சொல்லும், எமக்கு நான்கு தெரியும், அது இருக்கட்டும். கடலோதம் இறங்கிக் காயலின் தரை தெரிந்த ஒரு காலையில் அவள் துடுப்பை நிறுத்திவிட்டு, ஓடத்திலிருந்த ஏழு பெண்களையும் வாயைப் பொத்திக்கொள்ளச் சொன்னாளாம். ஏழு உப்பளத்துப் பெண்கள் ஒருசேர வாய்மூடியிருந்தனர் என்பதே அன்றைய முதல் அதிசயம்.

புள்ளின் உடல் பால்வெண்மை. முதுகில் மைதீட்டியதுபோல் கரிய பட்டை. மூக்கு, கொல்லன் அடித்துக் கருக்கிய உளியெனத் தடித்தது. கால்கள் நீண்டு, சாம்பல் கலந்த நீலம். நான்கடி ஓடும், சட்டென நிற்கும், எதையோ மறந்துவிட்ட அமைச்சர்போல் தலைசாய்க்கும். பின் ஒரே கொத்தில் நண்டை எடுத்து, காலும் கொடுக்கும் உதறிக் கழற்றி விழுங்கும். நம் அரண்மனை மடைப்பள்ளியில் நண்டு ஆய்வோர் இவ்வளவு நேர்த்தியாய் ஆய்ந்து யாம் கண்டதில்லை. எழுபது வயது வலைஞரும் இப்படியொன்றைக் கண்டதில்லை என்றனர். பெயரில்லாதிருந்த அதற்கு நண்டுத்தின்னி என்று கொற்றியே பெயரிட்டாள்.

இனித் தம்பியார் சற்று நிமிர்ந்து அமர்க. வடகாயலைத் தூர்த்துப் பதினான்கு பண்டகசாலைகள் கட்டப் பெருவணிகர் குழையூர்ச் சாத்தர் கேட்டதும், முகப்புப் பண்டகசாலைக்குத் தம்பியாரின் பெயர் என்றதும், மார்கழி முதல் நாளில் மண் கொட்டத் தாங்கள் இசைந்ததும் உலகறிந்தவை. ஆயினும் நம் முப்பாட்டனார் கடல்வாயிற் கல்லில் வெட்டுவித்த கட்டளை இன்னும் அழியவில்லை. இந்நகரத்து நீரில் இதுவரை எவரும் காணாத புள் வந்து ஒன்பது காலை தங்குமாயின், அந்நீர் அப்புள்ளினது. அதைத் தூர்க்க அரசனுக்கும் உரிமையில்லை. காலைக்கொருவர் கண்ணாற் கண்டு சான்றுரைக்க வேண்டும். ஒன்பதாம் காலை அரசன் தானே காண வேண்டும்.

காயல் போனால் கொற்றிக்குத் துடுப்பு வலிக்க நீரில்லை. ஆகவே ஊர் என்ன சொல்லும் என்பதைத் தாங்கள் அறிவீர். "கோழிக்குச் சுண்ணாம்பு பூசி, கால்ல மூங்கிக்குச்சி கட்டி விட்டிருக்கா இந்தக் கெட்டிக்காரி!" என்று மீன்சந்தை சிரித்தது. அவள் கூடையோடு நின்று, "ஆமாடி, அடுத்து ஒனக்குத்தான் பூசலாம்னு இருக்கேன், வந்து நில்லு" என்றாளாம். யாமும் ஐயுற்றோம் என்பதை மறைப்பானேன்? மூன்றாம் காலைச் சான்றுக்கு யாமே போனோம்.

போனவிடத்தில் நேர்ந்ததையும் எழுதுகிறோம். வேறு எவர் வாயாலேனும் தம்பியாருக்கு வந்துவிடும். ஓடத்தில் அமர்ந்தோம், புள்ளைக் கண்டோம், கண்டு மெய்மறந்தோம். அவ்வேளை எம் ஏவலாள் வெயில் படுமேயென்று முத்துக்குடையை விரித்தாள். காயலே எழுந்தது. பூநாரை, வாத்து, உள்ளான் யாவும் ஒரே வீச்சில் வானேற, நண்டுத்தின்னியும் கருப்பும் வெளுப்புமாய்ச் சிறகடித்து எம் தலைக்குமேல் சென்றது. கொற்றி எம் பக்கம் திரும்பினாள். ஆளும் நங்கையென்று எம்மை அவள் அறிவாள், அறிந்தும் சொன்னாள்: "அந்தக் கருமத்த மடக்கச் சொல்லு தாயே! ஒருக்கா பொறுத்துக்கும். மறுக்கா இப்படிப் பண்ணுனா கடலப் பாத்துப் போயிரும்." எம்மிடம் இப்படி எவரும் பேசியதில்லை. அவள் சொன்னதில் பிழையும் இல்லை. குடை மடங்கியது. மூச்சடக்கி அரை நாழிகை இருந்தோம். புள் சுற்றி வந்து காயலின் மறுகோடியில் இறங்கியது. அப்போது கொற்றி தன் முந்தானையால் முகம் துடைத்தாள். யாம் வேறுபக்கம் பார்த்துக்கொண்டோம்.

ஆறாம் காலை சாத்தரே வந்தார். பொய்யென்று நிறுவ வந்தவர், புள் நண்டை ஆய்வதைக் கண்டு திறந்த வாயை மூட மறந்து, கரைசேரும்வரை அப்படியே இருந்தார். ஆணையிட்டு உண்மையே உரைத்தார். அந்நேர்மையை மெச்சி யாம் வெற்றிலை கொடுத்தனுப்பினோம். அவர் வீட்டுக்குப் போய் வெற்றிலை மென்றபடியே வேறொன்று எண்ணியிருக்கிறார்.

ஒன்பதாம் காலை அரசரை வரவேற்க, காயற்கரையிலேயே, தம் செலவில், நூறு பறையும் நாற்பது கொம்பும் முழங்கச் செய்வேன் என்று அவர் அன்றே தங்களுக்கு ஓலை விடுத்தார். தாங்களும் உளங்குளிர்ந்து, இருபது யானையோடு வருவதாக விடை விடுத்தீர். எமக்கு எப்படித் தெரியுமென்று வியக்க வேண்டா. பாகரின் மனைவியர் உப்பு வாங்கக் கொற்றியின் ஓடத்தில்தான் வருகின்றனர். சாத்தர் பொய் பேசவில்லை, புள்ளின்மேல் கல்லெறியவும் இல்லை. அரசருக்கு மரியாதை செய்கிறார், அவ்வளவே. இதைவிட அழகாக ஒரு காயலைத் தூர்க்க எவராலும் இயலாது.

இன்று ஏழாம் காலையும் கண்டாயிற்று. நாளை மறுநாள் ஒன்பதாவது. ஆதலின் தமக்கை என்னும் உரிமையால் விடுக்கும் கட்டளை யாது எனின்:

தாங்கள் நாளைப் பொழுதிறங்குமுன் உப்பளத்து வழியே, மெய்காவலன் ஒருவனோடு, நடந்து வருக. முடி வேண்டா, காவி தோய்த்த பழந்துணி போதும். யானைகளும் குடையும் பல்லக்கும் தென்வாயில் வழியே, காயலுக்கு அரைக் காதம் அப்பால், முறைப்படி வரட்டும். பறையும் கொம்பும் அங்கேயே நிறுத்தப்படும். சாத்தருக்கு அவ்வாறே ஆணை போயிற்று. திரை தாழ்ந்த பல்லக்கினுள்ளே தங்களுக்குப் பதிலாக யாம் அமர்ந்திருப்போம். சாத்தர் தங்கள் பட்டங்கள் அனைத்தையும், அந்தப் புதிய இரண்டையும் சேர்த்து, எம்மிடமே பாடட்டும். மாலைகளையும் யாமே ஏற்றுக்கொள்வோம்.

ஒன்பதாம் காலை தங்களை ஓடத்தில் ஏற்றிச் செல்லுமாறு கொற்றியிடம் சொன்னோம். ஓடத்தின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ராசா வரட்டும், வேணாங்கல. ஆனா ஓடத்துக்குள்ள தண்ணி கசியுது. சத்தம் போடாம கொட்டாங்கச்சியால எறைச்சுக்கிட்டே வந்தாருன்னா சேத்துக்கிறேன்." தம்பியார் சார்பில் யாம் இசைந்துவிட்டோம். ஆறுகள் நீந்தியவர்க்கு ஓடத்து நீர் எம்மாத்திரம்?

இவ்வோலை கொணர்வோன் சலங்கையைக் கழற்றிவைத்தே ஓடி வருகிறான். அவ்வழக்கத்தைத் தாங்களும் அவனிடம் கற்க.

நங்கையார் வாய்மொழிந்தபடி எழுதினேன், பட்டின ஓலையெழுத்தன் மாதேவன் கூத்தன். சங்கு முத்திரை இடப்பட்டது. உடன்வரும் சான்றோலையில் ஏழு வரிகள் நிறைந்துள்ளன. எட்டாவது நாளை நிறையும். ஒன்பதாம் வரிக்கு முத்திரை மோதிரம் கொணர வேண்டா என்றும், அரசர் நீரிறைத்த கையின் பெருவிரலைக் காயற்சேற்றில் தோய்த்து அங்கே ஊன்றினால் போதுமென்றும், அவ்விடம் காலியாய் விடப்பட்டுள்ளது என்றும் நங்கையார் அருளிச்செய்தார்.