வீரபத்திரன் மலையேறாத வீடு

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

காலையில் பனிமூட்டம். பிரஷர் மாத்திரை எடுத்தேன். எடுத்தேனா? பெட்டியைத் திறந்து பார்த்தேன். எடுத்திருக்கிறேன்.

அண்ணன் மகன் ஜீவராஜ் டிக்கோயாவிலிருந்து தன் ஆட்டோவில் வந்தான். மன்மதனை எரிக்கும் காமன் கூத்தில் இந்த வருடம் வீரபத்திரன் வேடம் அவனுக்காம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்த வேடம் எங்கள் குடும்பத்துக்குரியது. அப்பா கட்டினார், பிறகு அண்ணன். நான் வாத்தியாராகி ஹட்டன் டவுனுக்கு வந்துவிட்டதால் தப்பினேன்.

தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்த அவன் விரல்கள் ஒவ்வொன்றாகத் தாமே எழுந்து தாமே படிந்தன. நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தான்.

“இன்னும் கம்பமே நடல சித்தப்பா. அதுக்குள்ள வந்து வெரல்ல உக்காந்துட்டாரு பாருங்க.”

என் மனைவி கமலேஸ்வரியும் சிரித்தாள். என்னால் முடியவில்லை. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் விரலில்தான் தொடங்கியது.

பெப்ரவரி 10

அப்பாவின் நினைவாகவே இருக்கிறது. கூத்து முடிந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் மற்றவர்கள் மேல் வந்த சாமியெல்லாம் மலையேறிவிடும். ஒரு வருடம் அப்பாவின் சாமி மலையேறவில்லை. பிறகு சாகும்வரை கை கால்கள் ஓயவில்லை. தோட்டத்து லய வீடுகளில் யாரும் அதை வியாதி என்று சொல்லவில்லை. வீரபத்திரன் குடியிருக்கிறார் என்று காலில் விழுந்தார்கள், காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் திருநீறு போடத் தூக்கி வந்தார்கள். நெற்றியைத் தேடி அவர் கை காற்றில் அலையும். பிள்ளை அசையாமல் காத்திருக்கும்.

தூங்கும்போது மட்டும் எல்லாம் நின்றுவிடும். சாமியும் தூங்குது என்பார் அம்மா.

பெப்ரவரி 12

பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். “ஏனப்பா, உங்கட கால் சும்மா இருக்குதில்லை?” என்றாள் கமலேஸ்வரி. குனிந்து பார்த்தேன். வலது பாதம் பலகைத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

நான் தட்டவில்லை.

பெப்ரவரி 16

அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வந்தது ஹன்டிங்டன் நோய். பெயரை எழுதவே கை கூசுகிறது. வாழ்நாள் முழுக்க உயிரியல் படிப்பித்தவன், இதை இப்போதுதான் முழுதாக வாசிக்கிறேன்.

ஒரு மரபணு அளவுக்கு மீறி நீண்டுவிடுகிறது. அதனால் உருவாகும் புரதமும் கோணலாகிறது. நல்ல நிலையில் அந்தப் புரதம், மரபணுக்களை அடக்கும் வேறொரு புரதத்தைக் கலத்தின் கருவுக்குள் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கும். கோணலானதும் பிடி தளர்கிறது. அடக்குகிறவன் உள்ளே போகிறான். மூளைக் கலங்களை வாழவைக்கும் ஊட்டப் புரதத்தின் மரபணு அடங்கிப்போகிறது. மரபணுக்களை எழுப்பும் புரதங்களோ கோணல் புரதத்தில் ஒட்டிச் சிக்கிக்கொள்கின்றன. அசைவுகளைக் கட்டுப்படுத்தும் கலங்கள் மெல்ல மெல்லச் சாகின்றன.

வகுப்பில் என்றால் எப்படிச் சொல்லியிருப்பேன்? தோட்டத்தின் காலைப் பெரட்டைச் சொல்லியிருப்பேன். பெயர் கூப்பிட்டு, ஆட்களை மலைக்குப் பிரித்தனுப்பும் இடம். கூப்பிட்டால்தான் அன்று வேலை, அன்று சோறு. மரபணுக்கள் எல்லாம் வந்து பனியில் வரிசையாக நிற்கின்றன. யாரும் ஓடிப்போகவில்லை. ஆனால் கூப்பிடுகிறவரின் வாயை யாரோ பொத்தியிருக்கிறார்கள். பனிக்குள் ஒரு சத்தமும் இல்லை.

எனக்கு இருந்தால் கிருஷாந்திக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகளுக்கு வயிற்றில் இது மூன்றாம் மாதம். அவளுக்கு என்னவென்று சொல்வேன்?

நான் சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா? வாத்தியார்தானே, டொக்டர் இல்லையே.

மார்ச் 2

தோட்டத்தில் கூத்து தொடங்கக் கம்பம் நட்டார்கள். ஜீவராஜிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ஆட்டோவின் முன்பக்கம் நெளிந்திருந்தது. வளைவில் கை தானாகத் திரும்பிவிட்டதாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு நடந்தது நல்லதாம்.

வாயைத் திறந்தேன். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

விடியும் நேரத்தில் வீரபத்திரன் வந்தார். இடுப்பில் கயிறு கட்டி நான்கு பேர் இழுத்துப் பிடித்தும் ஜீவராஜ் நிற்கவில்லை. கை ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம். இப்படி ஆடி யாரும் பார்த்ததில்லை என்று சனம் கையெடுத்துக் கும்பிட்டது. எனக்கு அண்ணன் தெரிந்தார், அண்ணனுக்குள் அப்பா தெரிந்தார்.

காமனை எரித்தார்கள். தப்பு மேளம் நின்றது. மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ரதிக்கு மலையேறியது, எமனுக்கு மலையேறியது. ஜீவராஜின் கைகள் மட்டும் நிற்கவில்லை.

தப்புச் சத்தமும் நிற்கவில்லை. ஆனால் தப்படித்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பக்கத்திலிருந்தவர்கள் என்னைவிட்டு மெதுவாக விலகினார்கள். எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். பலகை மேடையின் ஓரத்தில் அது அடித்துக்கொண்டிருந்தது. அதே தாளம்.

யாரோ என் கழுத்தில் மாலை போட்டார்கள்.

மார்ச் 15

தோட்டத்து வேலாயி பேத்தியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்றேன். “போறேங்க சேர். மொதல்ல நீங்க போட்டு வுடுங்க. சாமி எறங்குன ஒடம்பு, மாட்டேன்னு சொல்லப்புடாது.” திருநீறு போட்டேன். பிள்ளை அசையாமல் என்னையே பார்த்தது. என் கை நேராகத்தான் போனது, நேராகத்தான்.

அதன் பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. டிக்கோயாவுக்குப் போய் ஜீவராஜிடம் சொல்லிவிட்டேன். இது சாமி இல்லடா தம்பி, வியாதி, ஒங்க அப்பாவுக்கும் இதுதான், ஒங்க தாத்தாவுக்கும் இதுதான்னு. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

அவன் என் காலைப் பார்த்தான்.

“நீங்க ரத்தம் குடுத்தா நானும் குடுக்குறேன்.”

மார்ச் 24

கண்டி. கொடுத்தோம். இரண்டு குழாய்களும் பக்கத்தில் பக்கத்தில். ஒரே இருட்டுச் சிவப்பு.

மே 7, புதன்

ஜீவராஜுக்கு இருக்கிறது. எனக்கு இல்லை.

அப்படியானால் கால்? பயத்திலும் கால் ஆடும் ஐயா, மனதை அமைதியாக வைத்திருங்கள் என்றார் டொக்டர்.

ஹட்டன் பஸ்ஸில் ஜீவராஜ் ஜன்னல் பக்கம் இருந்தான். நாவலப்பிட்டி தாண்டியது. பிறகு ஆட்டோச் சாவியை எடுத்து என் சட்டைப் பைக்குள் போடப் பார்த்தான். கை இரண்டு தரம் தவறியது. நான் பையை விரித்துப் பிடித்தேன்.

“அப்ப எனக்கு வந்தது வியாதி,” என்றான், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “ஒங்களுக்கு வந்ததுதான் சாமி.”

மே 11, ஞாயிறு

கிருஷாந்திக்கு எல்லாவற்றையும் போனில் சொன்னேன். அழுதாள். பிறகு ஜீவராஜ் அண்ணாவை யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். இங்கே வந்து எங்களோடு இருக்கச் சொல்லியிருக்கிறேன் என்றேன். அடுத்த வாரம் வருகிறான்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு இரண்டு பாதங்களையும் பலகைத் தரையில் அழுத்தி வைத்தேன். என் இரத்தத்தில் ஒன்றுமில்லை. என் பெரட்டில் எல்லாப் பெயரையும் கூப்பிடுகிறார்கள். அதை இன்னொரு தரம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

குசினிக்குள்ளிருந்து கமலேஸ்வரி கேட்டாள்: “ஆரப்பா இந்த நேரம் தப்படிக்கிறது?”