ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே

மார்ச் 3, ஞாயிறு

காலையில் எண் சொல்லும் அழைப்பு. ராணுவக் கல்லூரியில் எங்கள் பிரிவில் பத்துப் பேர். விடிந்ததும் வரிசையில் நின்று ஆளுக்கொரு எண் கத்த வேண்டும். ஒண்ணு ஸார், ரெண்டு ஸார் என்று. வெளியே வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முடி போனது, பதவி போனது, எங்களில் கொடிக்கம்பம் என்று பேர் வாங்கியவனுக்கு முழங்காலே மாறிப் போனது. எண் மட்டும் போகவில்லை. ஞாயிறுதோறும் அவரவர் ஊரிலிருந்து கைப்பேசியில் கூடுகிறோம். பேச்சு ஆரம்பிக்கும் முன் எண் சொல்லியாக வேண்டும். அந்த 'ஸார்' யார் என்று கேட்டால் ஒருத்தனுக்கும் பதில் தெரியாது.

மூன்றும் ஒன்பதும் இப்போது இல்லை. மூன்றாம் எண்காரன் இறந்த மறு ஞாயிறு கொடிக்கம்பம்தான் சொன்னான். ஒன்றாம் எண் அவன், அவ்வளவு உயரம். "யாரும் நெருங்கி நிக்காதீங்கடா. அவன் எடம் அப்படியே இருக்கட்டும்." அன்றிலிருந்து இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டு எடுக்கும் நேரம் யாரும் வாய் திறப்பதில்லை. அதற்கு 'காலி' என்று பேர். செத்தவனுக்கு மட்டும்தான் காலி.

நான் ஏழு. எனக்கு முன்னால் ஆறு, விசில். முன்பல் சந்தில் காற்றுப் புகுந்து அவன் 'ஸார்' விசிலாகத்தான் வெளியே வரும். ஒரு வருஷமாகவே அந்த விசில் எனக்குக் கேட்பதில்லை; இன்றும் கேட்கவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து யாரோ முனகுகிற மாதிரி ஏதோ கேட்டது. குத்துமதிப்பாக "ஏழு ஸார்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சரியாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 5, செவ்வாய்

வீட்டுக்காரி மருந்துக் கடையிலிருந்து வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டாள். "டிவி சத்தத்தக் கொறைங்க. எதிர்வீட்ல அவங்க டிவிய வித்துட்டாங்களாம், நம்ம வீட்டுச் செய்தியே போதும்னு."

காது டாக்டரைப் பார்க்கணுமாம். பீரங்கிப் படையில் இருந்த காது இது. என் பட்டப் பெயரே பீரங்கி. இத்தனை வெடி கேட்டது கொஞ்சம் ஓய்வெடுக்கக் கூடாதா? சொன்னேன். "ஓய்வெடுக்கட்டும், வேணாங்கல. ஆனா நான் சாப்பிட வாங்கன்னு சொன்னா நீங்க 'யாரு செத்துட்டா?'ன்னு கேக்கறீங்களே."

கேட்டேனா? கேட்டிருப்பேன்.

காதில் மிஷினை மாட்டிக்கொண்டு அலைகிற ஆள் நானில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 10, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

ஆறுக்காகக் காத்திருந்தேன். ஸ்பீக்கரில் போட்ட கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போல ஒரே சாந்தம். நன்றாகக்கூட இருந்தது. ஜன்னல் வெளிச்சம் இமைக்குள்ளே சிவப்பாக ஆடிக்கொண்டிருந்தது. விசில் வரும், வரும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்காரி தோளைத் தட்டினாள். "ஏன் சும்மா இருக்கீங்க? எட்டு சொல்லிட்டாங்களே."

"ஏழு?"

"ஏழுக்கு ஒண்ணும் வரல. கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் எட்டு."

எனக்குக் காலி விட்டுவிட்டார்கள்.

அழைப்பைத் துண்டித்துவிட்டேன்.

மார்ச் 11, திங்கள்

சிரிப்பதா அழுவதா? பத்தாம் எண் மைனா எப்போதும் தாமதமாகத்தான் அழைப்பில் சேருவான். நேற்று அவன் சேர்ந்தபோது அவன் காதில் விழுந்த முதல் விஷயம் ஏழின் காலி. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எனக்கு இரங்கல் எழுதிவிட்டான். கண் காது மூக்கு வைத்து எழுதியிருக்கிறான்.

'பீரங்கி ஓய்ந்தது. கோபத்தில் புயல், நட்பில் தென்றல். அவன் பூட்ஸ் பளபளப்பில் நாங்கள் முகம் பார்த்துத் தலை சீவினோம்...'

பொய். என் பூட்ஸுக்காக நான் வாங்காத தண்டனை இல்லை. அதைத் துடைத்துக் கொடுத்ததே விசில்தான்.

கீழே நாலாம் எண், 'ஐயோ, எப்போ?' கொடிக்கம்பம், 'வண்டி எடுத்துவிட்டேன், வீட்டு முகவரி அனுப்புங்கள்.'

நான் எழுதினேன்: 'டேய் மைனா, நான் எந்திரிச்சுப் போய்க் காபி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள என்னை அனுப்பி வெச்சுட்டியா? கொடிக்கம்பம், வண்டியத் திருப்பு. நேற்று நெட்வொர்க் சரியில்லை.'

பகல் முழுக்க ஒரே கும்மாளம். மைனாவைப் போட்டு வறுத்தெடுத்துவிட்டார்கள். விசில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

நெட்வொர்க் என்று சொல்லிவிட்டேன். நாக்குக் கூசாமல் வந்தது.

மார்ச் 14, வியாழன்

நான் நிர்வாகம் பார்க்கும் நீச்சல் குளத்தில் இன்று ஒரு கூத்து. மதிய நீச்சல்காரர்களோடு நானும் இறங்கியிருந்தேன். மல்லாந்து மிதந்தேன். காது இரண்டும் தண்ணீருக்குள். மேலே வானம் ஈயப் பாத்திரம் மாதிரி மங்கலாக, மெதுவாக நகர்ந்தது. உடம்பு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மூன்றாம் எண்காரன் ஞாபகம் வந்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது. தேர்வன்று பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே அக்கரை சேர்ந்துவிட்டு, "குளம் முடிஞ்சுதா?" என்று கேட்டான். அந்தக் குரல் துல்லியமாகக் கேட்டது. இல்லாதவன் குரல் கேட்கிறது, இருக்கிறவன் குரல் கேட்கவில்லை. என்ன காதோ இது!

யாரோ என் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தார்கள். லைஃப் கார்டு பெண். குளத்தில் வேறு ஒரு ஆள் இல்லை. எல்லோரும் கூரைக்கடியில் துண்டோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் தூறல் அப்போதுதான் விழ ஆரம்பித்திருந்தது.

"இடி இடிக்குது சார்! விசில் ஊதி ஊதி என் தொண்டையே வத்திப் போச்சு."

கரையேறிய பிறகு மெதுவாகக் கேட்டாள், என் முகத்துக்கு நேராக நின்று. "சார், தப்பா நெனைக்காதீங்க. ஒரு கொழந்தை தண்ணியிலருந்து கத்தினா உங்களுக்குக் கேக்குமா?"

கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவள் மேல் இல்லை.

மார்ச் 17, ஞாயிறு

குழுவுக்கு ஒரு வரி அனுப்பினேன். 'இனி ஞாயிறும் குளத்தில் வேலை. என்னை எதிர்பார்க்க வேண்டாம்.'

அழைப்பு நேரத்தில் கைப்பேசியை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்நேரம் நாலு. இந்நேரம் ஐந்து. ஆறு.

"ஏழு ஸார்" என்றேன். சமையலறையிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள்.

மார்ச் 18, திங்கள்

விடியற்காலைக் கனவு. பள்ளத்தாக்கில் மூடுபனி நடை. கல்லூரிக் காலத்தில் போவோமே, அதேதான். வாய் திறக்கக் கூடாது. எண்ணிக்கை தோள் வழியாகப் போகும். கடைசியில் வரும் ஒன்றாம் எண் தனக்கு முன்னால் போகிறவனின் தோளைத் தட்டுவான், அவன் அடுத்தவனை, இப்படியே வரிசைத் தலை வரைக்கும். தட்டு வந்து சேர்ந்தால் யாரும் தொலையவில்லை என்று அர்த்தம்.

கனவில் பனி பால் மாதிரி. என் கைகூட எனக்குத் தெரியவில்லை. ஆனால் பயமில்லை, பின்னால் விசில் வருகிறான். தோளைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்துக்கொண்டே நடந்தேன். தட்டு வரவில்லை. திரும்பிப் பார்த்தால் பனி மட்டும் இருந்தது.

எழுந்த பிறகும் இடது தோள் காத்துக்கொண்டே இருந்தது. ஏன்டா வரல?

மார்ச் 20, புதன்

வந்துவிட்டான்!

குளத்து வாசலில் விசில் கையில் பையோடு நிற்கிறான். தொப்பை வேறு. "வேலைன்னியே, அதான் ஒத்தாசைக்கு வந்தேன்" என்றான். அப்படித்தான் சொல்லியிருப்பான், நான் உதட்டைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டேன். வீட்டுக்காரிதான் போன் போட்டிருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அவன் அண்ணன். என்னைப் பற்றிப் புகார் என்றால் நேரே அங்கேதான் போகும்.

குளத்தின் ஓரத்தில் காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்தோம்.

"கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடா! பொழைச்சிருக்கும்போதே காலி வாங்கின முதல் ஆளு நீதான்."

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "என்னடா சொல்லச் சொல்ற? ஊர்ல எந்தச் சத்தம் போனாலும் போகட்டும்னு இருந்தேன். உன் விசில்கூடக் கேக்கலையேடா எனக்கு! ஒரு வருஷமா அதை நெனச்சு நெனச்சு..." கிழவன் அழுகிறேன், நீச்சல் பழக வந்த பெண்கள் எல்லாம் பார்க்கிறார்கள்.

அவன் திருட்டு முழி முழித்தான். அப்புறம் வாயை 'ஆ'வென்று திறந்து காட்டினான்.

பல். வரிசையாக, புதிதாக, குளியலறை ஓடு பதித்த மாதிரி. சந்து பொந்து ஒன்றுமில்லை.

"கட்டிட்டேன்டா. ஒரு வருஷம் ஆச்சு. விசில் போயிடுச்சு. உங்ககிட்டச் சொன்னா பேரும் போயிடுமேன்னு சொல்லல."

ஒரு வருஷமாக என் காதைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாதிப் பழி இவன் பல்லுக்குச் சேர வேண்டியது! அவன் தொடையில் ஓங்கி ஒரு அறை வைத்தேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் லைஃப் கார்டு பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

"நீ காதை மறைச்ச, நான் பல்லை மறைச்சேன்" என்றான். "சரிக்குச் சரி. ஆனா பல்லுக்காக எவனும் தண்ணியில முழுகப் போறதில்ல. ஒன் விஷயம் அப்படியில்ல."

லைஃப் கார்டு பெண் கேட்டதையேதான் இவனும் சொல்கிறான்.

மார்ச் 22, வெள்ளி

காது டாக்டர். விசில் என் கூடவே உள்ளே வந்து, டாக்டர் கேட்டதற்கெல்லாம் நான் வாய் திறக்கும் முன் அவனே பதில் சொன்னான். "இவருக்கா உங்களுக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

சன்னமான ஒலிகள்தான் முதலில் போகுமாம். ச, ஸ, விசில். மிஷின் வைத்தால் பெரும்பாலும் திரும்ப வரும். எல்லாமே வராது.

வைத்துக்கொள்கிறேன் என்றேன். அது வரைக்கும் நான் குளத்தில் இறங்கப் போவதில்லை, மேற்பார்வையையும் லைஃப் கார்டு பெண்ணே பார்த்துக்கொள்வாள். அலுவலகத்தில் நானே போய்ச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 24, ஞாயிறு

விசில் எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். கைப்பேசி மேஜை மேல். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரைச்சீலை காற்றில் உப்பி அடங்கியது. அறை முழுக்க வெள்ளை வெளிச்சம், அந்தப் பள்ளத்தாக்கைப் போல.

இடது தோளில் ஒரு தட்டு.

"ஏழு ஸார்!"

விசில் இன்று மாலையே ஊருக்குக் கிளம்பினான். போகும்போது வீட்டுக்காரியிடம், "தங்கச்சி, நான் இல்லாதப்ப நீதான் ஆறு" என்றான். "எனக்கு நெறைய வேலை இருக்கு அண்ணா" என்றாள் அவள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மிஷின் வந்தது. செய்தித்தாளைத் திருப்பினால் தகரக் கூரை மேல் ஆள் நடக்கிற மாதிரி கேட்கிறது. என் செருப்புக்கு இவ்வளவு சத்தமா? வீட்டுக்காரி வேலை செய்துகொண்டே மூச்சுக்குள் ஏதோ முணுமுணுப்பாள் போலிருக்கிறது. இத்தனை நாள் எனக்குத் தெரியாது. பாதி என்னைத் திட்டு.

ஏப்ரல் 7, ஞாயிறு

நானே அழைப்பில் சேர்ந்தேன். "இன்னிக்கும் வேலை இல்லையா?" என்றான் கொடிக்கம்பம். "வேலையும் இல்ல, நெட்வொர்க்கும் நல்லாத்தான் இருந்துது. எனக்குக் காது கேக்கலடா, மிஷின் வெச்சிருக்கேன்" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். நாலாம் எண், "நானும் ரெண்டு வருஷமா வெச்சிருக்கேன்" என்றான். பாவி!

ஒண்ணு ஸார். ரெண்டு ஸார்.

மூன்றின் காலி. இத்தனை வருஷமாக அங்கே ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. யாரோ ஒருவர் வீட்டில் மின்விசிறி கிறீச்சிட்டது. யாரோ எச்சில் விழுங்கினார்கள். எங்கோ ஒரு ஊரில் மழை. எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள், மெதுவாக, அவனுக்காக. அவன் அதற்குள் கண்ணை மூடிக்கொண்டு நீந்திப் போகிறான் என்று தோன்றியது.

நாலு ஸார். அஞ்சு ஸார்.

"ஆறு ஸ்ஸ்ஸார்."

விசில்! பல்லைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான் திருட்டுப் பயல். காது குளிர்ந்தது. அதே விசில். அதே மைதானம், ஈரப் புல், விடிகிற நேரம். கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்படியே இருந்துவிட்டேன்.

"டேய், பேசுடா!" விசில் கத்தினான். "மைனா பேனாவை எடுத்துடுவான்!"

தோளில் ஒரு தட்டு. இடது தோளில். பாத்திரம் கழுவிய ஈரக் கை.

திரும்பிப் பார்க்கவில்லை. "ஏழு ஸார்" என்றேன். எட்டாம் எண்காரன் சிரித்துக்கொண்டே எட்டு சொன்னான்.