ஒரு சொட்டுப் பால்

செவ்வாய்க்கிழமை, இரவு.

எரிச்சலாக இருக்கிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தில் இன்று தொண்டராக எனக்குப் பகல் முறை. மீமிசல்காரர் ஒருவருக்கு விழுங்கும் சக்தி போய்விட்டது. புரை ஏறும், வாயில் எதுவும் ஊற்றக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அவர் மகள் தம்ளரில் பாலோடு வந்தாள். தடுத்தேன். சட்டம் பேசினேன். ஒரு மணி நேரத்தில் அவர் போய்விட்டார்.

"கடைசியா ஒரு சொட்டுப் பாலு ஊத்த விடலையேங்க," என்றாள் மகள். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் அழக்கூட இல்லை.

நர்ஸிடம் சொன்னேன். "பஞ்சுல தொட்டு ஒதட்டுல வச்சிருக்கலாமேக்கா," என்கிறாள்.

காலையிலிருந்து ஈரப் பஞ்சால் அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தது நான்தான். மகள் பாலோடு வந்து நின்றபோதும் பஞ்சு என் கையில்தான் இருந்தது.