போர்மேன் சாருக்கு ஒரு சேவல் செங்கல்

போர்மேன் சார்,

உங்கள் கருமாதிப் பத்திரிகை இன்னும் என் மேசைமேல்தான் கிடக்கிறது. ஆடிக் காற்று ஜன்னல் வழியாக நுழைந்து அதைத் தூக்கிப் போகப் பார்க்கிறது. அதனால் அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்திருக்கிறேன். சேவல் முத்திரை குத்திய பழைய செங்கல். உங்களுக்குத் தெரிந்ததுதான்.

பத்திரிகையில் உங்களை ‘தொழிலாளர் வாழ்வின் ஒளிவிளக்கு’ என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படித்தபோது குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. செத்தும் எனக்குப் புரையேற வைக்கிறீர்கள்.

நூல் மில்லில் நானும் ஆரோக்கியமும் உங்களிடம் அப்ரண்டிஸாகச் சேர்ந்த நாளில், கையில் ஆளுக்கொரு டெஸ்டரைக் கொடுத்து ஏணியைக் காட்டினீர்கள். “சார், நீங்க கீழ நிப்பீங்களா?” என்று கேட்டேன். “பக்கத்துலதான்டா இருப்பன்” என்றீர்கள். உங்கள் அகராதியில் பக்கம் என்றால் பாகூர். அங்கே உங்கள் மைக்செட் கடை இருந்தது. கூழ் ஊற்றும் கோயிலுக்கெல்லாம் குழாய் ஸ்பீக்கர் கட்டப் போய்விடுவீர்கள். இங்கே நான் எந்தக் கம்பியைத் தொட்டாலும் அது உயிரோடு இருக்கும். ஒருநாள் ஏணியிலிருந்து பஞ்சு மூட்டைமேல் விழுந்து, தலையெல்லாம் பஞ்சோடு கிழவனாக எழுந்தேன். மறுநாள் வந்த நீங்கள், “கரண்டும் வாத்தியார்தான்டா, ஒரு தபா அடிச்சா பாடம் மறக்காது” என்றீர்கள். அந்த வாத்தியாராவது வேலை நேரத்தில் இடத்தில் இருந்தார்.

மாடிப்படிக்கு இரண்டு பக்கமும் சுவர், ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் கிணறு மாதிரி இருக்கும். கரண்டு போனால் எரிய அங்கே பேட்டரி விளக்குப் பெட்டிகளை மாட்டியிருந்தோம். பெட்டிச் சாவி உங்கள் அரைஞாண் கயிற்றில். திறந்து பார்க்கக் கேட்டால், “தூக்கிப் பாருங்கடா. கனமா இருந்தா சரக்கு இருக்குதுன்னு அர்த்தம்” என்பீர்கள். நாங்களும் வாரா வாரம் தூக்கிப் பார்த்து, கனமாக இருக்கிறது என்று திருப்தியாக இறங்கி வந்தோம். இரண்டு முட்டாள்கள். அதில் ஒருவன் இன்று பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுகிறான், தகுதி அங்கேயே வந்துவிட்டது.

அந்த ஆடியில் காற்றில் கம்பி அறுந்து மில் இருண்டது. மதிய ஷிப்ட். மேலே நூல் சுற்றும் பெண்கள் பயந்துபோய்ப் படியில் இறங்கினார்கள். ஒரு விளக்கும் எரியவில்லை. “தள்ளாதீங்கக்கா! நில்லுங்க! நான் வரேன்!” என்று கத்திக்கொண்டே ஆரோக்கியம் மேலே ஓடினான். முதலில் விழுந்த பெண்ணைத் தாங்கப் போய் அத்தனை பேருக்கும் அடியில் கிடந்தான். அவன் முழங்கால் போனது. நெரிசலில் ஒரு பெட்டி சுவரிலிருந்து பிய்ந்து விழுந்து வாயைத் திறந்தது. உள்ளே செங்கல். பேட்டரிகள் எந்த அம்மன் கோயிலில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

விசாரணையில் நீங்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நம்பி வுட்டுட்டுப் போனன் சார், பசங்க பேட்டரிய வித்துட்டு கல்ல வெச்சிட்டானுங்க” என்றீர்கள். ஆபீசில் என் மாமா இருந்ததால் ‘பசங்க’ ஒருமையாகி ஆரோக்கியம் ஆனான். அவன் ஆஸ்பத்திரியில் காலைத் தொங்கப் போட்டுக் கிடந்தான். நான் அந்தச் செங்கல்லை மானேஜர் முன்னால் வைத்து, சாவி யாரிடம் என்று கேளுங்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் என்ன சொன்னாலும் சிரிப்பது அங்கே வழக்கம். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை சிரிக்காமல் பேசினேன், அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள். செங்கல்லை மட்டும் நான் எடுத்து வந்துவிட்டேன்.

ஆரோக்கியத்தை வெளியே அனுப்பினார்கள். கரிக்கலாம்பாக்கத்தில் பஞ்சர் கடை வைத்தான். ஊர் அவனுக்குப் ‘பேட்டரி’ என்று பெயர் வைத்தது. கோயிலில் பேட்டரி, ரேஷன் கடையில் பேட்டரி. கடைசியில் எட்டாவது படிக்கும் அவன் மகளும் பள்ளிக்கூடத்தில் ‘பேட்டரி பொண்ணு’ ஆனாள். பையைத் தூக்கி எறிந்துவிட்டு, “இனிமே போவ மாட்டன்பா” என்று உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரம்தான் உங்கள் பத்திரிகை வந்தது. கடவுளுக்கும் நேரம் பார்க்கத் தெரிகிறது.

கருமாதிப் பந்தலுக்கு லைட் போட நானே வலிய வந்தேன். உங்கள் வீட்டம்மா உருகிப் போனார்கள். “அவுரு மேல எவ்ளோ மரியாதை உனக்கு!” ஆமாம், கிடங்கு கிடங்காக வைத்திருந்தேன். பந்தல் கால் ஒன்றுக்கு ஒரு பேட்டரி விளக்காக மாட்டினேன், எல்லாம் அசல் பேட்டரி. மாலை போட்ட உங்கள் படத்துக்கு மேலே மட்டும் ஒரு தனிப் பெட்டி. ஆரோக்கியம் வர மாட்டேன் என்றான். “பேட்டரி வந்துருக்கான்னு சொல்லுவானுங்கடா.” “அதுக்குத்தான்டா கூப்புடறன்” என்று இழுத்து வந்தேன்.

பொழுது இருட்டி, மில் ஆட்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் கரண்டு போயிற்று. தானாகப் போகவில்லை, மெயினை நான்தான் இறக்கினேன். பந்தல் முழுக்க விளக்கு எரிந்தது. நீங்கள் மட்டும் இருட்டில் இருந்தீர்கள்.

“இன்னாப்பா, அவுரு மேல மட்டும் எரியலியே?” என்றார் உங்கள் வீட்டம்மா.

“பாக்கறம்மா. கனமாத்தான் இருந்துச்சி” என்று பெட்டியைத் திறந்து, மில்லில் விழுந்த அதே செங்கல்லை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் திருப்பிப் பார்த்தார்.

“இது நம்ம வூட்டுக் கல்லாச்சே! எங்க அண்ணன் இந்த வூட்டுக்குன்னே சூளை போட்டு சேவல் குத்திக் குடுத்துச்சி. வேற யாருக்கும் போட்டதில்ல. உனக்கு எங்கப்பா கெடச்சுது?”

“மில்லு மாடிப்படியில, பேட்டரிப் பொட்டிக்குள்ளம்மா.”

இதை நான் சத்தியமாக எழுதிக் கொடுக்கவில்லை, சார். பந்தல் வேலைக்கு வந்தபோது கண்ணில் பட்ட, பூசாத உங்கள் பக்கச் சுவரில் வரிசையாக நின்ற சேவல்களைக் காட்டி நானே பேசுவதாகத்தான் இருந்தேன். அம்மா என் வேலையை முடித்துவிட்டார்கள். அன்று படியில் முதலில் விழுந்த அக்கா எழுந்து உங்கள் படத்தைப் பார்த்து, “அடப்பாவி மனுசா, அப்போ அந்தப் புள்ள எடுக்கலியா?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து ஒரு கணம் மனம் இளகத்தான் செய்தது. உடனே ஆரோக்கியத்தின் முழங்காலைப் பார்த்துக்கொண்டேன், மனம் சரியாகிவிட்டது.

அவன் நொண்டிக்கொண்டு வந்து செங்கல்லைக் கையில் வாங்கி ஏந்திப் பார்த்தான். “கனமாத்தான்டா இருக்குது” என்று சிரித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தான். அவன் சிரித்துப் பார்த்து எத்தனை காலம்!

நேற்று அவன் கடையில் இருந்தேன். ஒரு லாரிக்காரர் வண்டியை நிறுத்தி, “பேட்டரி கடை இதானா?” என்று கேட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூட இறக்காத மகள், “அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல. செங்கல் போர்மேன் வூடு வேணும்னா பாகூர்ல இருக்குது, போங்க” என்றாள்.

செத்தவர்களை மன்னித்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லுகிறார்கள். எனக்கு அந்தப் பாடத்தை யாரும் பக்கத்தில் நின்று சொல்லித் தரவில்லை. பத்திரிகைமேல் செங்கல் அப்படியே இருக்கட்டும். காற்றுக்காக மட்டும் வைக்கவில்லை, சார். நீங்கள் எழுந்து வந்துவிடக் கூடாதே என்றும்தான்.